மட்டக்களப்புக் கடலில் கிடப்பது எந்த ஹேர்மஸ்? ஒரே பெயரைச் சுமந்த போர்க்கப்பல்களின் கதை

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 9ஆம் திகதி நெருங்கும்போது கிழக்கு மாகாணத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு கப்பலின் படம் சுற்றத் தொடங்கும். முன்பக்கம் சறுக்குப்பலகையைப் போல மேல்நோக்கி வளைந்த ஓடுதளம், அதன் மேல் வரிசையாக ஜெட் விமானங்கள். படத்துக்குக் கீழே, 1942இல் ஜப்பானியர் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த ஹேர்மஸ் இதுதான் என்று எழுதியிருப்பார்கள். சம்பவம் உண்மை. பெயர் சரி. நாடும் சரி. கப்பல்தான் வேறு.

1942இல் எந்தக் கப்பலிலிருந்தும் ஜெட் விமானம் பறக்கவில்லை. படத்தில் இருப்பது 1959இல் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்து, பிறகு இந்தியாவுக்கு விற்கப்பட்டு, 2017 வரை சேவையில் இருந்த இன்னொரு ஹேர்மஸ். நமது கடலில் கிடப்பதற்கு அது ஒரு வகையில் வாரிசு. பாட்டனின் மரண அறிவித்தலில் பேரனின் படத்தைப் போட்டது போன்ற தவறு இது. இந்தத் தவறை ஆண்டுதோறும் பார்த்துப் பார்த்துத்தான், கடற்படைகள் ஏன் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைக்கின்றன என்று தேடத் தொடங்கினேன். தேடல் பிரித்தானியாவில் ஆரம்பித்து, எங்கள் பக்கத்து ஊர் காரைதீவின் கண்ணகி அம்மன் கோயில் வரை வந்து நின்றது.

முதலில் அந்த ஏப்ரல் நாள். கல்முனையிலிருந்து கரையோர வீதியில் வடக்கே சுமார் 40 கிலோமீற்றர் போனால் மட்டக்களப்பு. அந்தக் கடலில்தான் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி முற்பகல் ஹேர்மஸ் மூழ்கியது. நான்கு நாட்களுக்கு முன்னர், உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியிருந்தன. அடுத்த இலக்கு திருகோணமலை என்பது தெரிந்ததால், துறைமுகத்தில் அகப்பட்டுக்கொள்ளாதிருக்க ஹேர்மஸ் முதல் நாளிரவே தெற்கு நோக்கிப் புறப்பட்டது. துணைக்குச் சென்றது அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயர். மட்டக்களப்புக்கு அருகே இரண்டையும் ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டுகொண்டது. திருகோணமலைக்குத் திரும்பும்படி உத்தரவு வந்தது. திரும்பி வரும் வழியில் குண்டுவீச்சு விமானங்கள் கூட்டமாக வந்தன.

விமானந்தாங்கிக் கப்பல் என்று சொன்னாலும் அன்று ஹேர்மஸின் தளத்தில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. அவற்றைத் திருகோணமலையில் இறக்கிவிட்டுத்தான் கப்பல் வெளியேறியிருந்தது. தன்னைக் காத்துக்கொள்ளச் சில பீரங்கிகளே மிச்சம். சுமார் இருபது நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். வம்பயரும் மூழ்கியது. அதில் உயிரிழந்தோர் பத்துக்கும் குறைவு, ஆனால் அவர்களில் கப்பலின் தலைவர் கொமாண்டர் மோரனும் ஒருவர். அந்தக் கடல் வழியே சென்றுகொண்டிருந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. அதே நாளில் ஹொலிஹொக் என்ற சிறிய காவற் கப்பலும், அத்தெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் நமது கரையோரத்தில் மூழ்கின.

மூழ்கிய அந்த ஹேர்மஸ் சாதாரணக் கப்பல் அல்ல. அதற்கு முந்திய விமானந்தாங்கிகள் எல்லாம் வேறு தேவைக்குக் கட்டி, பிறகு மாற்றியமைக்கப்பட்டவை. அடித்தளம் போடும்போதே விமானந்தாங்கி என்று திட்டமிட்டு ஆரம்பிக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் இதுதான். 1918இல் வேலை ஆரம்பித்து 1924இல் சேவைக்கு வந்தது. வேலை இழுபட்டதால், பின்னர் தொடங்கிய ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டு சேவைக்கு வந்துவிட்டது. இப்படிப்பட்ட ஒரு கப்பலுக்குப் புதிய பெயர் ஒன்றைத் தேடாமல் ஏன் ஹேர்மஸ் என்று வைத்தார்கள்? அந்தப் பெயர் ஏற்கனவே விமானங்களோடு சேர்ந்திருந்தது.

ஹேர்மஸ் கிரேக்கர்களின் தூதுத் தெய்வம், காலில் சிறகு உள்ளவர். 1898இல் நீரில் இறக்கப்பட்ட ஹேர்மஸ் ஒரு குரூஸர் வகைக் கப்பல். 1913இல் அதன் மேல் மேடை அமைத்து, கடலிலிருந்து விமானத்தைப் பறக்கவிட முடியுமா என்று பிரித்தானியக் கடற்படை பரிசோதித்தது. முடியும் என்று தெரிந்தது. அடுத்த வருடம் உலகப் போர் வந்தது. 1914 ஒக்டோபர் 31ஆம் திகதி டோவர் நீரிணையில் ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்று அதை மூழ்கடித்தது. நான்கு வருடங்களுக்குள் அதே பெயரில் புதிய விமானந்தாங்கிக்கு அடித்தளம் போட்டார்கள். அதுதான் நமது கடலுக்கு வந்து சேர்ந்தது.

இன்னும் பின்னோக்கிப் போனால், 1814இல் அமெரிக்காவின் மொபைல் குடாவில் ஒரு கோட்டையைத் தாக்கப்போய் எரிந்து அழிந்ததும் ஒரு ஹேர்மஸ். 1814, 1914, 1942. நமது ஊரில் என்றால் இந்தப் பெயருக்கு ராசியில்லை என்று ஒதுக்கிவைத்திருப்பார்கள். கடலோடிகள் உலகம் முழுவதும் சகுனம் பார்ப்பவர்கள்தாம். ஆனால் பெயர் விடயத்தில் கடற்படைகளின் கணக்கு நேர்மாறானது. மூழ்கிய கப்பலின் பெயரைத்தான் விரைவாகத் திருப்பி எடுக்கிறார்கள். பெயரை விட்டுவிட்டால் எதிரி கப்பலை மட்டுமல்ல, பெயரையும் அழித்துவிட்டான் என்றாகும்.

1942க்குப் பின்னரும் அதுவே நடந்தது. போர்க்காலத்தில் கட்டத் திட்டமிட்ட புதிய வரிசைக் கப்பல்களில் ஒன்றுக்கு ஹேர்மஸ் என்ற பெயர் குறிக்கப்பட்டது. 1945இல் போர் முடிந்ததும் அந்தக் கப்பலின் கட்டுமானம் ரத்தானது. பெயரை விட மனமில்லை. அதே வரிசையில் எலிபன்ட் என்ற பெயரில் வளர்ந்துகொண்டிருந்த கப்பலுக்கு அதைச் சூட்டினார்கள். யானையாகப் பிறக்க இருந்தது ஹேர்மஸ் ஆனது. 1953இல் நீரில் இறக்கப்பட்டு, 1959இல் சேவைக்கு வந்தது. வட்ஸ்அப் படத்தில் இருப்பது இதுதான். இது மூழ்கவில்லை. 1982 போக்லண்ட் போரில் பிரித்தானியப் படையணியின் தலைமைக் கப்பலாக இருந்தது. 1986இல் இந்தியா வாங்கியது. 1987 மே 12ஆம் திகதி விராட் என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது.

பெயரைத் திருப்பி எடுப்பதில் உணர்ச்சி மட்டும் இல்லை, ஏற்பாடு ஒன்றும் உண்டு. பிரித்தானியக் கடற்படையில் ஒரு கப்பல் போரில் பெற்ற சிறப்பு அந்த இரும்புக்கு உரியதல்ல, பெயருக்கு உரியது. கப்பல் போனாலும் அடுத்து அதே பெயரில் வரும் கப்பல் தன் பலகையில் முன்னோர் போரிட்ட இடங்களையும் ஆண்டுகளையும் எழுதிக்கொள்ளலாம். பெயர்களைத் தெரிவதற்கென்றே 1913இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1954இல் போர்ச் சிறப்புகளின் பட்டியல் ஒழுங்குபடுத்தப்பட்டது. ஒரு பெயர் எவ்வளவு பழையதோ அவ்வளவு நீளமானது அதன் பலகை. புதிதாகச் சேர்ந்த பதினெட்டு வயது மாலுமி, தான் பிறப்பதற்கு நூறு வருடத்துக்கு முன் நடந்த சண்டையையும் தன்னுடையதாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ஒரே நேரத்தில் ஒரே பெயரில் இரண்டு கப்பல்கள் சேவையில் இருக்கக்கூடாது என்பது பொதுவான வழக்கம். சமிக்ஞை அனுப்புவதிலிருந்து எரிபொருள் கணக்கு வரை எல்லாம் குழம்பிவிடும் அல்லவா? ஆகவே புதிய கப்பல் பெயரைக் கேட்டால் பழையது ஒன்றில் ஓய்வு பெற வேண்டும் அல்லது பெயரை மாற்ற வேண்டும். எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் ஒரே வகுப்பில் மூன்று நஸீர் இருந்தால் முதலெழுத்தை வைத்தோ பட்டப்பெயரை வைத்தோ பிரித்துக்கொள்வோம். கப்பலுக்கு முதலெழுத்து அதன் பக்கத்தில் பெரிதாக எழுதப்படும் இலக்கம். மட்டக்களப்பில் கிடக்கும் ஹேர்மஸின் இலக்கம் 95. 1959 ஹேர்மஸின் இலக்கம் ஆர் 12. அதே கப்பல் விராட் ஆனபோது ஆர் 22. படத்தில் இந்த இலக்கம் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆனால் இதிலும் விதிவிலக்கு உண்டு. இந்தியா 1961இல் சேவைக்கு எடுத்த முதலாவது விக்ராந்தின் இலக்கம் ஆர் 11. 2022இல் கொச்சியில் சேவைக்கு வந்த புதிய விக்ராந்துக்கும் அதே ஆர் 11ஐயே கொடுத்துவிட்டார்கள்.

அன்று ஹேர்மஸுடன் மூழ்கிய வம்பயரின் பெயரும் திரும்பி வந்தது. அடுத்த வம்பயர் அவுஸ்திரேலியாவிலேயே கட்டப்பட்டு 1959இல் சேவைக்கு வந்து 1986இல் ஓய்வு பெற்றது. இப்போது சிட்னி டார்லிங் துறைமுகத்தில் தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தின் கப்பலாக நிற்கிறது. அங்கு வாழும் நமது ஆட்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறி இறங்கியிருப்பார்கள். அதன் பெயருக்கு உரிய முந்திய கப்பல் தாங்கள் விட்டுவந்த கடலின் அடியில் கிடக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ.

தாக்கியவர்களின் பக்கமும் இதே கதைதான். அந்த ஏப்ரலில் இலங்கையைத் தாக்க வந்த ஜப்பானிய விமானந்தாங்கிகளில் சோர்யு ஒன்று. இரண்டு மாதங்களில், 1942 ஜூன் 4ஆம் திகதி, மிட்வே சண்டையில் அமெரிக்கர் அதை மூழ்கடித்தார்கள். 2009இல் சேவைக்கு வந்த தன் புதிய நீர்மூழ்கி வரிசையின் முதற் கப்பலுக்கு ஜப்பான் சோர்யு என்றே பெயர் வைத்தது. ஆனால் ஒரு வித்தியாசம்: பழைய சோர்யுவின் பெயர் சீன வழி எழுத்துகளில் எழுதப்பட்டது, புதியது ஹிரகானா என்ற எளிய எழுத்தில். போருக்குப் பிந்திய ஜப்பானின் கப்பல்கள் எல்லாமே அப்படித்தான். ஒலி அதேதான், எழுத்து வேறு. பழைய ஏகாதிபத்தியப் படையின் பெயரை எடுத்துக்கொண்டே அதிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கும் வித்தை இது.

நமக்கு அருகில் இன்னும் கூர்மையான சோடி ஒன்று இருக்கிறது. 1971 டிசம்பர் 9ஆம் திகதி பாகிஸ்தானின் ஹங்கோர் என்ற நீர்மூழ்கி இந்தியாவின் குக்ரி கப்பலை மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தனர். 1989இல் புதிய குக்ரி இந்தியக் கடற்படையில் சேர்ந்து 2021 வரை ஓடியது. பாகிஸ்தான் பழைய ஹங்கோரைக் கராச்சியில் காட்சிக்கு வைத்துவிட்டு, சீனாவில் கட்டும் புதிய நீர்மூழ்கிகளுக்கு அதே பெயரைக் கொடுத்திருக்கிறது. கொன்றவரும் செத்தவரும் இரு பக்கத்திலும் பெயராகத் திரும்பிவிட்டார்கள்.

இனி திருகோணமலை. நமது மாகாணத்தின் பெயரால் ஒரு போர்க்கப்பல் இன்றும் மிதக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். முதலாவது திரிங்கோமலி ஒரு சிறிய கப்பல். 1799இல் செங்கடல் வாயிலில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றுடன் மோதும்போது வெடித்துச் சிதறியது. இரண்டாவது 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தின் தளத்தில் மலபார்த் தேக்கில் கட்டப்பட்டது. தேக்கு அல்லவா, உக்கவில்லை. 1897இல் அதை வாங்கிய ஒரு செல்வந்தர் ஃபூட்ரோயன் என்று பெயர் மாற்றினார். ஏனென்றால் அவர் முன்பு வைத்திருந்த, நெல்சனின் கொடி பறந்த ஃபூட்ரோயன் என்ற கப்பல் அந்த வருடம்தான் பிளாக்பூல் கரையில் உடைந்திருந்தது. இழந்த கப்பலின் பெயரை இன்னொரு கப்பலுக்கு மாட்டிவிட்டார். ஏறத்தாழ நூறு வருடம் நமது ஊரின் பெயரை இழந்து நின்ற கப்பலுக்கு 1992இல்தான் அது திருப்பிக் கொடுக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

இலங்கையின் பெயரும் இதே பாதையில் போனது. 1943இல் சேவைக்கு வந்த சிலோன் என்ற பிரித்தானிய குரூஸரைப் பின்னர் பெரு நாடு வாங்கி, தன் வீரர் கர்னல் போலோக்னேசியின் பெயரை வைத்தது. அந்தப் பெயரிலும் பெருவில் ஏற்கனவே ஒரு கப்பல் இருந்தது.

திருகோணமலையில் தரையிலும் ஒரு கப்பல் இருந்தது. பிரித்தானியக் கடற்படைச் சட்டப்படி ஒருவர் மாலுமி என்றால் ஏதாவதொரு கப்பலின் ஏட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். ஆகவே கரையில் உள்ள முகாம்களுக்கும் கப்பற் பெயரை வைத்து, அவற்றைக் கப்பல் என்றே அழைப்பார்கள். திருகோணமலை முகாமின் பெயர் ஹைஃபிளயர். அந்தப் பெயருக்குரிய பழைய குரூஸர், டோவரில் மூழ்கிய 1898 ஹேர்மஸின் உடன்பிறப்பு, ஒரே வரைபடத்தில் கட்டப்பட்ட கப்பல். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெயர்களில் ஒன்று திருகோணமலையில் கட்டடமாகவும் மற்றது மட்டக்களப்பில் கடலடி உலோகமாகவும் முடிந்தது யாரும் திட்டமிட்டதல்ல. 1957இல் அந்தத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

முகாமைக் கப்பல் என்று அழைக்கும் வழக்கத்தை இலங்கைக் கடற்படையும் எடுத்துக்கொண்டது. திருகோணமலைத் தளம் இன்று திஸ்ஸ. வெலிசறையில் கெமுனு. காரைநகரில் எலார. ஆம், எல்லாளன்தான். துட்டகைமுனுவும் எல்லாளனும் இரண்டு முகாம்களாக ஒரே கடற்படையில் இருக்கிறார்கள். இதைப் பெருந்தன்மை என்று வாசிப்பதா, வென்றவர் எழுதிய கதையில் தோற்றவருக்கும் ஒரு பாத்திரம் தேவை என்று வாசிப்பதா என்பதில் எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை.

உண்மையான கப்பல்களுக்கு வருவோம். ரோயல் சிலோன் கடற்படை 1950 டிசம்பரில் உருவானது. 1951இல் அதற்குக் கிடைத்த விஜய, பிரித்தானியாவின் பிளையிங் ஃபிஷ் என்ற கண்ணிவாரிக் கப்பல். 1959இல் வந்த பராக்கிரம, முன்பு பிக்கிள். டிரஃபால்கர் சண்டையில் நெல்சன் மாண்ட செய்தியை 1805இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன சின்னக் கப்பலின் பெயர் அது. ஆக, வேறொருவரின் மரபுப் பெயரை அழித்துவிட்டுத்தான் நமது மரபுப் பெயர் எழுதப்பட்டது. பழைய கப்பலை வாங்கும் நாடுகளின் நிலை இதுதான். அதே ஆண்டு வந்த கஜபாகுவின் கதை இன்னும் நீளம். கனடாவில் ஹலோவெல் என்று பிறந்து, போருக்குப் பின் விற்கப்பட்டு, இஸ்ரேலியக் கடற்படையில் மிஸ்னக் என்று ஓடி, பிறகு இலங்கைக்கு வந்து கஜபாகு ஆனது. இஸ்ரேலின் கப்பலாக இருந்ததுதான் நமது கடற்படையின் கஜபாகு என்று கல்முனையில் சொன்னால் தேநீர்க்கடையில் ஒரு மணித்தியாலத்துக்குப் பேச்சு ஓடும். 1978இல் அதை உடைத்துவிட்டார்கள்.

நாற்பது வருடம் அந்தப் பெயர் பெரிய கப்பல் எதிலும் இல்லை. 2018இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படை தன் ஷேர்மன் கப்பலை இலங்கைக்குக் கொடுத்தது. 1968இல் சேவைக்கு வந்த, வியட்நாம் போரைக் கண்ட கப்பல். 2019 ஜூன் மாதம் கஜபாகு என்ற பெயரில் கடற்படையில் சேர்ந்தது. 2022இல் சேர்ந்த விஜயபாகுவும் அப்படித்தான், முன்பு டக்ளஸ் மன்றோ. இதில் வேடிக்கை என்னவென்றால், 2017இல் அமெரிக்கர்கள் புதிய கப்பல் ஒன்றுக்கும் மன்றோ என்று பெயர் வைத்திருந்தார்கள். பழையது ஓய்வு பெறும் வரை நான்கு வருடம் ஒரே மனிதரின் பெயரில் இரண்டு கப்பல்கள் ஓடின. பழையதில் முழுப்பெயர், புதியதில் பிற்பெயர் மட்டும். எங்கள் ஊர் நஸீர்களின் தீர்வு அமெரிக்காவிலும் செல்லுபடியாகிறது.

பராக்கிரமபாகுவின் பெயர்தான் அதிகம் அடிபட்டது. 1959இன் பராக்கிரம ஐந்தாறு வருடங்களில் உடைக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் சீனாவிலிருந்து வாங்கிய கப்பலொன்றுக்குப் பராக்கிரமபாகு என்று பெயர் வைத்தார்கள். போர்க்காலத்தில் வந்த கப்பல் அது. ஆனால் அதை முடித்தது எதிரி அல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலித் துறைமுகத்தில் நின்றபோது சுனாமி அதைக் கவிழ்த்தது. அதே அலைதான் அன்று காலை மருதமுனையையும் கல்முனையையும் சாய்ந்தமருதையும் காரைதீவையும் வாரிக்கொண்டு போனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கப்பல் ஒன்று காலியில் கவிழ்ந்ததை அன்று நாங்கள் கேட்டிருக்கவும் மாட்டோம், கேட்டாலும் மனதில் நின்றிருக்காது. 2019இல் சீனா தன் டொங்லிங் கப்பலை இலங்கைக்குக் கொடுத்தபோது அந்தப் பெயர் மூன்றாம் முறை எழுதப்பட்டது. இன்று ஓடுவது அந்தப் பராக்கிரமபாகு.

எந்தப் பராக்கிரமபாகு என்று கேட்டால் பதில் நீளும். கப்பல்கள் மட்டுமா, அரசர்களும் ஒரே பெயரைச் சுமந்தவர்கள்தாம். 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து பர்மாவுக்கும் பாண்டிய நாட்டுக்கும் படை அனுப்பிய முதலாம் பராக்கிரமபாகு ஒருவர். 15ஆம் நூற்றாண்டில் கோட்டையிலிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடிக்கச் சப்புமல் குமாரயவை அனுப்பிய ஆறாம் பராக்கிரமபாகு இன்னொருவர். கடல் கடந்து படை நடத்திய முதலாமவர் ஒரு கடற்படைக்குப் பொருத்தம்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து இந்தப் பெயரைக் கேட்பவருக்கு முதலில் ஞாபகம் வருவது ஆறாமவராக இருக்கலாம். விஜயபாகு என்றால் 11ஆம் நூற்றாண்டில் சோழரை விரட்டியவர். பெயர் வைத்தவர் மனதில் ஒன்று, கேட்பவர் காதில் ஒன்று.

இந்த மூவரில் வேறாக நிற்பது கஜபாகு. சிங்கள மரபில், குறிப்பாக ராஜாவலியவில், அவர் சோழ நாட்டுக்குப் படையெடுத்து, அங்கு கைதிகளாகப் போன 12,000 பேரை மீட்டு, பதிலுக்குச் சோழ நாட்டவரையும் பிடித்து வந்த வீரர். தமிழ் மரபில் அவர் கயவாகு. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது அங்கு வந்து வணங்கிய இலங்கை அரசன் என்று சிலப்பதிகாரம் அவரைச் சொல்கிறது. அவர்தான் கண்ணகி வழிபாட்டை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார் என்பது நம்பிக்கை. சிங்களவர் பத்தினித் தெய்யோ என்று வணங்குவதும், காரைதீவிலும் தம்பிலுவிலிலும் தமிழர் கண்ணகி அம்மன் என்று வணங்குவதும் ஒருத்தியைத்தான். காரைதீவு எங்கள் சாய்ந்தமருதுக்கு அடுத்த ஊர். வைகாசிச் சடங்கு நாட்களில் அந்தப் பறை ஒலி இங்கும் கேட்கும். அங்கே கஜபாகு படையெடுத்தவர் அல்ல, அம்மனோடு வந்தவர்.

இந்த அரசனின் பெயரும் இரண்டு பேருக்கு உரியது. 2ஆம் நூற்றாண்டில் ஒரு கஜபாகு, 12ஆம் நூற்றாண்டில் இன்னொரு கஜபாகு. சிலப்பதிகாரம் சொல்வது இவர்களில் யாரை என்பதைப் பொறுத்து செங்குட்டுவனின் காலமே மாறும். இரண்டாமவர் மிகவும் பிந்தியவர், ஆகவே முதலாமவர்தான் என்று முடிவு செய்து, அதை வைத்துத்தான் சங்க காலத்தைக் கணித்தார்கள் அறிஞர்கள். அந்தக் கணிப்பைக் கேள்விக்குட்படுத்தியவர்களும் உண்டு. பெயர் ஒன்றுதான், ஆள் வேறு என்ற வட்ஸ்அப் படத்தின் குழப்பம் தமிழ் இலக்கிய வரலாற்றின் அடிக்கல்லிலேயே கிடக்கிறது.

பெரிய கப்பல்களின் வரிசையில் மற்றவை சயுர, சயுரால, சிந்துரால, சமுதுர. எல்லாமே கடலையும் அலையையும் சுட்டும் சிங்களச் சொற்கள், கேட்கவும் அழகானவை. நான் பார்த்த அந்த வரிசையில் இந்தக் கடலில் வணிகம் செய்த, போர்த்துக்கீசரோடு மோதிய முஸ்லிம் கடலோடிகளின் பெயர் இல்லை. 1530களில் சீதாவக்கை அரசன் மாயாதுன்னைக்குத் துணையாகக் கோழிக்கோட்டிலிருந்து மரக்கார்களின் கப்பல்கள் இலங்கைக்கு வந்தன. அந்தக் குஞ்ஞாலி மரக்காரின் பெயரில் இந்தியக் கடற்படை மும்பையில் ஒரு தளம் வைத்திருக்கிறது, ஐ.என்.எஸ். குஞ்ஞாலி. மரிக்கார் என்ற பெயரைச் சுமக்கும் குடும்பங்கள் நிறைந்த இலங்கையில் அந்தப் பெயருக்கு ஒரு கப்பல் கேட்பது மிகையான ஆசையாக எனக்குத் தெரியவில்லை. பெயர்கள் திரும்பி வரும் வழக்கத்தில், முதல் முறை எழுதப்படாத பெயர் இரண்டாம் முறையும் வராது.

மீண்டும் ஹேர்மஸ். விராட் என்று பெயர் மாறிய அந்தக் கப்பல் 1989 ஜூலையில் இலங்கையை மையப்படுத்திய ஒரு நடவடிக்கையில் ஈடுபட்டது. இந்திய அமைதிப்படை வெளியேற வேண்டும் என்று ஜனாதிபதி பிரேமதாச கெடு விதித்திருந்த நாட்கள் அவை. ஒப்பரேஷன் ஜுப்பிட்டர் என்று இந்தியக் கடற்படை அதற்குப் பெயர் வைத்தது. ஒரு ஹேர்மஸ் பிரித்தானியக் கொடியோடு இந்தத் தீவின் கரையோரம் அடிபட்டு 47 வருடங்கள் கழித்து, அதன் பெயரில் பிறந்த இன்னொன்று இந்தியக் கொடியோடு இந்தத் தீவுக்காகவே நகர்த்தப்பட்டது. 2017இல் விராட் ஓய்வு பெற்றது. அருங்காட்சியகமாக்கும் பேச்சுகள் பலிக்கவில்லை. 2020 செப்டம்பரில் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு இழுத்துச் சென்று உடைத்தார்கள். பிரித்தானியக் கடற்படையில் அதன் பின்னர் ஹேர்மஸ் என்ற கப்பல் வரவில்லை.

மட்டக்களப்புக் கடலில் கிடப்பது சுமார் 50 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. சாதாரணச் சுழியோடிகள் போகும் ஆழம் அல்ல, ஆனால் தேர்ச்சி பெற்றவர்கள் உலகெங்குமிருந்து வருகிறார்கள். ஆழம் ஒரு பாதுகாப்பு என்று நினைத்தால் ஜாவாக் கடலைப் பார்க்க வேண்டும். 1942 மார்ச் 1ஆம் திகதி ஜப்பானியர் அங்கு மூழ்கடித்த எக்ஸெட்டர் கப்பலின் உடலம் 2007இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2016இல் மீண்டும் போய்ப் பார்த்தபோது பெரும்பகுதியைக் காணவில்லை. பக்கத்தில் கிடந்த டச்சுக் கப்பல்கள் இரண்டு முழுமையாகவே மறைந்திருந்தன. பழைய இரும்புக்காகவும் செப்புக்காகவும் துண்டு துண்டாக அள்ளியிருந்தார்கள், உள்ளே இருந்த மனிதர்களோடு சேர்த்து. எக்ஸெட்டர் என்ற பெயரோ அடுத்த கப்பலுக்குப் போய், 1982இல் போக்லண்டில் ஹேர்மஸுக்குப் பக்கத்தில் போரிட்டது.